ஐம்பது ஹெர்ட்ஸை எண்ணுவது எப்படி?



இந்த அரங்கத்து விளக்குகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். உண்மையில் அது ஐம்பதிலேயே நிற்பதில்லை. நாடு முழுவதும் ஆலைகளும் பம்புசெட்டுகளும் இழுக்கும் சுமை கூடினால், மின்நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்கள் சற்றே மெதுவாகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. சுமை குறைந்தால் ஏறுகிறது. இந்திய மின்தொகுப்பு விதிகள் அதற்கு விட்டிருக்கும் இடம் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. மொத்த அகலமே 0.15 ஹெர்ட்ஸ்தான். இந்தச் சிறிய இடத்துக்குள் மின்சாரம் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எலெக்ட்ரானிக் கவுண்டர்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. கவுண்டரின் பலமும் பலவீனமும் இந்த ஒரு கணக்கில் முழுக்க வெளிப்பட்டுவிடும்.

முதலில் நேரடியான வழியைப் பார்ப்போம். அலை ஒவ்வொரு முறை சுழியைத் தாண்டி மேலே ஏறும்போதும் ஒரு துடிப்பை உண்டாக்குகிறோம். கவுண்டருக்குள் ஒரு கேட் இருக்கிறது. சரியாக ஒரு நொடி அது திறந்திருக்கும். அந்த ஒரு நொடியில் உள்ளே நுழைந்த துடிப்புகளை எண்ணித் திரையில் காட்டுகிறோம். எண்ணிக்கைதான் ஹெர்ட்ஸ். எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை.

மின்சாரம் இப்போது 49.97 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கவுண்டர் என்ன காட்டும்? 50 காட்டும். அடுத்த நொடியும் 50. எப்போதாவது ஒருமுறை 49 என்று காட்டிவிட்டு மறுபடி 50-க்கு வந்துவிடும். கவுண்டரால் அரைத் துடிப்பை எண்ண முடியாது. முழுத் துடிப்பு உண்டு, அல்லது இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் நிறுத்தத்தில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றால், நாம் வந்து நின்ற நேரத்தைப் பொறுத்து மூன்று பேருந்தையும் பார்க்கலாம், நான்கையும் பார்க்கலாம். பேருந்து தவறாமல் சரியான நேரத்தில்தான் ஓடுகிறது. ஐயம் முழுவதும் நாம் நிற்கத் தொடங்கிய நேரத்திலும் கிளம்பிய நேரத்திலும் இருக்கிறது. கவுண்டரின் கடைசி இலக்கம் ஒன்று கூடியும் குறைந்தும் ஆடுவதன் காரணமும் இதுவே.

நூறு மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலிக்கு இந்த ஒன்று பெரிய விஷயமே அல்ல. பத்துக் கோடியில் ஒன்று. ஐம்பது ஹெர்ட்ஸுக்கோ அது நூற்றுக்கு இரண்டு. அனுமதிக்கப்பட்ட 0.15 ஹெர்ட்ஸைப்போல ஆறு மடங்குக்கும் மேல் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. மின்தொகுப்பு நலமாக இருந்தாலும் ஆபத்தின் விளிம்பில் இருந்தாலும் இந்தக் கவுண்டர் 50 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கேட்டைப் பத்து நொடி திறந்தால் 0.1 ஹெர்ட்ஸ் வரை தெரியும். நூறு நொடி திறந்தால் 0.01. ஆனால் ஒரு பெரிய மின்நிலையம் திடீரென்று நின்றுபோனால் நூறு நொடி யாரும் காத்திருக்க முடியாது.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரானிக் எண்ணல் முதலில் அதிர்வெண்ணுக்காகப் பிறக்கவில்லை. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆல்ஃபா துகள்களை எண்ண வேண்டியிருந்தது. இயந்திர எண்ணிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அங்கே பணியாற்றிய வின்-வில்லியம்ஸ் என்பவர் 1930களின் தொடக்கத்தில் தைரட்ரான் குழாய்களைக்கொண்டு, இரண்டு துடிப்புக்கு ஒன்றை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் சுற்றை அமைத்தார். அப்படிப் பல கட்டங்களை அடுக்கினால் வேகம் படிப்படியாகப் பாதியாகி, இறுதியில் இயந்திர எண்ணியே எண்ணும் அளவுக்கு இறங்கிவிடும். போருக்குப் பின், 1951-இல், ஹ்யூலெட்-பேக்கர்ட் நிறுவனம் 524ஏ என்ற கவுண்டரை வெளியிட்டது. வெற்றிடக் குழாய்களால் ஆன அது பத்து மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணியது. அதற்கு முன் உயர் அதிர்வெண்ணைத் துல்லியமாக அளக்க, தெரிந்த ஆசிலேட்டரோடு கலந்து, இரண்டும் மோதி எழும் விம்மலைக் காதால் கேட்டு, அட்டவணை பார்த்துக் கணக்கிட வேண்டும். பல நிமிடம் பிடிக்கும் அந்த வேலை ஓரிரு நொடிக்குச் சுருங்கியது. வானொலி நிலையங்கள் தமக்கு ஒதுக்கிய அதிர்வெண்ணை விட்டு விலகாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஐம்பது ஹெர்ட்ஸுக்குத் திரும்புவோம்.

இப்போது வேலையைத் தலைகீழாக்குகிறோம். மின்சாரத்தின் சுழற்சியை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு சுழற்சிக்குள் நம் கருவியின் குவார்ட்ஸ் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுகிறோம். கடிகாரம் பத்து மெகாஹெர்ட்ஸ். ஐம்பது ஹெர்ட்ஸின் ஒரு சுழற்சி இருபது மில்லி நொடி. அதற்குள் இரண்டு லட்சம் துடிப்புகள் வரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இரண்டு லட்சத்தில் ஒன்றுதான் பிழை, அதிர்வெண்ணில் 0.00025 ஹெர்ட்ஸ். ஒரு நொடி காத்திருந்தும் முழு ஒன்றைத் தவறவிட்ட அதே எண்ணும் சுற்று, ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் நாலாயிரம் மடங்கு நுட்பமாகச் சொல்கிறது. சுற்று மாறவில்லை, எதை எண்ணுவது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. எனக்கு இந்த இடம் இன்றும் சலிக்கவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். ஒரு சுழற்சிக்குப் பதிலாக ஐம்பது முழுச் சுழற்சிகள் முடியும்வரை கடிகாரத்தை எண்ணுவோம். கேட்டைத் திறப்பதும் மூடுவதும் இப்போது மின்சாரமே. எனவே சுழற்சிக் கணக்கில் பிசகு கிடையாது, சரியாக ஐம்பது. 49.97 ஹெர்ட்ஸில் கடிகாரம் 1,00,06,003 அல்லது 1,00,06,004 காட்டும். ஐம்பதை அந்தக் காலத்தால் வகுத்தால் அதிர்வெண். ஒரு நொடியில் கிடைப்பது கோடியில் ஒரு பங்கு நுட்பம். இதைத் தலைகீழ்க் கவுண்டர் என்கிறோம். வகுத்தல் செய்ய வேண்டியிருந்ததால் பழைய நாள்களில் இது அரிய கருவியாக இருந்தது. மைக்ரோபிராசஸர் வந்தபின் சாதாரணமாகிவிட்டது.

இரண்டு வழிக்கும் எல்லை எங்கே என்று கேட்பீர்கள். அளக்கும் அதிர்வெண் நம் கடிகாரத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை தலைகீழ் வழி வெல்லும். கடிகாரத்தைவிட மிகுந்தால் நேரடி எண்ணல் வெல்லும். இரண்டும் சமமாகும் இடத்தில் எது செய்தாலும் ஒன்றுதான்.

கடிகாரத்தின் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே விழும் அந்த மிச்சத்தையும் விடாமல் பிடிக்க ஒரு அழகான உத்தி உண்டு. மின்சாரம் சுழியைத் தாண்டிய கணத்திலிருந்து அடுத்த கடிகாரத் துடிப்பு வரும்வரை ஒரு மின்தேக்கியில் நிலையான மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். பிறகு அதே மின்தேக்கியை ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தால் மெதுவாக வடிக்கிறோம். ஏற எடுத்த நேரத்தைப்போல ஆயிரம் மடங்கு இறங்க எடுக்கும். அந்த நீண்ட நேரத்தை அதே கடிகாரத்தால் எண்ணினால், நூறு நானோ நொடிக்குள் இருந்த மிச்சம் நூறு பிக்கோ நொடி நுட்பத்தோடு கிடைத்துவிடுகிறது. 1970களின் இறுதியில் வந்த ஹ்யூலெட்-பேக்கர்ட் 5370ஏ வேறொரு முறையில், வெர்னியர் அளவுகோலின் தத்துவத்தைக் காலத்துக்குப் பொருத்தி, இருபது பிக்கோ நொடிவரை பிரித்துக் காட்டியது. அந்த நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் நகரும். இரண்டு கேபிள்களின் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அளவீட்டில் தெரிந்துவிடும்.

இவ்வளவு நுட்பம் கையில் இருக்கும்போது ஒரு பேராசையும் வரும்: திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறதோ அத்தனையும் உண்மை என்று நம்பிவிடுவது. இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன்.

மேசைமேல் இருக்கும் இந்தச் சிறு டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 230 வோல்ட்டை ஒன்பது வோல்ட்டாக இறக்கித் தருகிறது. ஒன்பது வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 12.7 வோல்ட். அலை சுழியைத் தாண்டும் இடத்தில் அதன் ஏற்றம் நொடிக்கு நாலாயிரம் வோல்ட். கேட்க வேகமாகத் தோன்றும். மின்னணுவியலில் இது ஆமை வேகம். இந்த அலைமேல் வெறும் நான்கு மில்லிவோல்ட் இரைச்சல் ஏறியிருந்தால், சுழியைத் தாண்டும் கணம் ஒரு மைக்ரோ நொடி முன்னும் பின்னும் தடுமாறும். நம் கடிகாரத்தின் ஒரு துடிப்பு 0.1 மைக்ரோ நொடி. ஆக, கடிகாரத்தைவிடப் பத்து மடங்கு பெரிய பிழை வாசலிலேயே நுழைந்துவிட்டது. இனி மின்தேக்கி உத்தியால் பிக்கோ நொடிகளைப் பிடித்து என்ன பயன்?

வீட்டு மின்சாரத்தில் இரைச்சல் நான்கு மில்லிவோல்ட்டோடு நிற்பதும் இல்லை. மிக்ஸி ஓடுகிறது, எல்.இ.டி. விளக்குகளின் டிரைவர்கள் ஓடுகின்றன, பக்கத்துத் தெருவில் வெல்டிங் நடக்கிறது. சுழிக்கு அருகில் அலை சிறு சிறு பற்களாகக் கிழிந்திருக்கும். கவுண்டர் ஒவ்வொரு பல்லையும் ஒரு தாண்டலாக எண்ணிவிட்டால் 50-க்குப் பதில் 53, 61 என்று ஏதேதோ வரும். இதைத் தடுக்க ஷ்மிட் டிரிக்கர் என்ற சுற்றை வைக்கிறோம். மேலே ஏறும்போது ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் அது மாறும். மறுபடி மாற வேண்டுமென்றால் அதைவிடத் தாழ்ந்த இன்னொரு மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். இரண்டு மட்டத்துக்கும் இடைப்பட்ட வெளியில் எத்தனை முறை நடுங்கினாலும் அது பொருட்படுத்தாது. ஆட்டோ ஷ்மிட் என்ற அமெரிக்க இளைஞர் 1934-இல் கண்ட சுற்று இது. இன்றும் எல்லாக் கவுண்டரின் வாசலிலும் ஏதோ ஒரு வடிவில் நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட எளிய வடிகட்டி வைத்தால் வேகமான கிறுக்கல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். கவுண்டர் வாங்குகிறவர்கள் எத்தனை இலக்கம், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்கிறார்கள். வாசலில் என்ன சுற்று இருக்கிறது, உள்ளே வரும் அலை எவ்வளவு சுத்தமானது என்று கேட்பவர் குறைவு. என் கருத்தில் குறைந்த அதிர்வெண் அளவீட்டில் பாதி வேலை வாசலிலேயே முடிகிறது.

அடுத்தது கடிகாரம். கவுண்டர் அதிர்வெண்ணைத் தானே அறிவதில்லை. தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறது, அவ்வளவே. கடிகாரம் பொய் சொன்னால் எல்லா இலக்கமும் ஒரே நிதானத்தோடு அந்தப் பொய்யைத் திருப்பிச் சொல்லும்.

கல்லூரி மாணவர்கள் இன்று ஆர்டுயினோ ஊனோ பலகையில் மிக எளிதாகத் தலைகீழ்க் கவுண்டர் செய்துவிடுகிறார்கள். பதினாறு மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். கணக்குப்படி மைக்ரோ ஹெர்ட்ஸ்வரை பிரிக்கலாம். திரையில் 50.213846 என்று வரும். விதி சொல்லும் மேல் வரம்போ 50.05. மின்தொகுப்பு தறிகெட்டு ஓடுகிறதா? இல்லை. அந்தப் பலகையில் முதன்மைச் சில்லுக்குக் கடிகாரமாக இருப்பது குவார்ட்ஸ் அல்ல, ஒரு செராமிக் ரெசனேட்டர். அதன் சகிப்பு நூற்றுக்கு அரை அளவுக்கு இருக்கும். ஐம்பதில் அது 0.25 ஹெர்ட்ஸ். நாம் தேடும் இடைவெளி முழுவதையும் அந்த மலிவான உறுப்பு தனியாகவே விழுங்கிவிட்டது. எட்டு இலக்கங்களில் இரண்டாவதற்குப் பிறகு எதையும் நம்ப வழியில்லை. அந்த ரெசனேட்டர்மேல் சூடான விரலை வைத்துப் பாருங்கள். மின்தொகுப்பில் எதுவும் நடக்காமலே திரையில் எண்கள் ஒரே பக்கமாக நகரத் தொடங்கும்.

குவார்ட்ஸ் படிகம் போட்டால் நிலைமை பெரிதும் மாறும். சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு பிழையோடு ஓடும். நம் ஐம்பது ஹெர்ட்ஸ் வேலைக்கு அதுவே தாராளம். இன்னும் வேண்டுமானால் படிகத்தைச் சிறு அடுப்பில் வைத்து வெப்பநிலையை மாறாமல் காக்கிறார்கள். பிழை கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போகும். அப்படிப்பட்ட கவுண்டரைத் தினமும் அணைத்து ஏற்றக் கூடாது. அடுப்பு சூடாகி நிலைப்பட நேரம் பிடிக்கும்; அதுவரை கடைசி இலக்கங்கள் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். இதற்கும் மேலே ருபீடியம், அதற்கும் மேலே சீசியம். 1967 முதல் நொடியே சீசியம் அணுவின் 9,19,26,31,770 அலைவுகளாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைச் சீசியக் கடிகாரங்களைக்கொண்டு காத்துவருகிறது.

அந்தத் தரத்தின் ஒரு பங்கு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜி.பி.எஸ். தொகுதிகளில் நொடிக்கு ஒரு துடிப்பு தரும் முனை இருக்கும். செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்களைப் பின்பற்றும் அந்தத் துடிப்பு சில பத்து நானோ நொடிக்குள் சரியாக இருக்கும். அதைக் கவுண்டருக்குக் கொடுத்து, இரண்டு துடிப்புகளுக்கு இடையே நம் பதினாறு மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் உண்மையில் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுங்கள். 1,60,16,000 வந்தால் கடிகாரம் ஆயிரத்துக்கு ஒன்று வேகமாக ஓடுகிறது. அந்த எண்ணையே வகுத்தலில் பயன்படுத்தினால் ரெசனேட்டரின் குறை கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஒவ்வொரு நொடியும் இதைச் செய்யலாம். விரல் வைத்தாலும் கவலையில்லை.

மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பற்றி சில வாக்கியங்கள் சொல்லி நகர்கிறேன். எண்ணும் சுற்றால் தொட முடியாத மைக்ரோ அலைகளை வகுத்தோ, தெரிந்த அதிர்வெண்ணோடு கலந்து வித்தியாசத்தை மட்டும் எடுத்தோ கீழே இறக்குகிறார்கள். ஒளியின் அதிர்வெண்ணையே அப்படி இறக்க உதவும் லேசர் சீப்புக்காக ஹால், ஹென்ஷ் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2005-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அங்கேயும் இறுதியில் எண்ணுவது ரேடியோ அலைவரிசைக் கவுண்டர்தான்.

நான் பேச ஆசைப்படுவது கேட்டை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைப் பற்றி. இது வெறும் நுட்பக் கேள்வி அல்ல. நம் தென்மாநிலங்களில் இதன்மேல் கோடிக்கணக்கான ரூபாய் கைமாறியிருக்கிறது.

2003 ஜனவரி முதல் நாள் தென்மண்டலத்தில் ஏ.பி.டி. என்ற கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அதிர்வெண் 48 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிக் கிடந்த நாள்கள் உண்டு. புதிய முறையில், ஒரு மாநிலம் தான் ஒப்புக்கொண்ட அளவைவிடக் கூடுதலாக மின்சாரம் இழுத்தால், அந்தக் கூடுதலுக்கான விலையை அப்போதைய அதிர்வெண்ணே முடிவு செய்தது. 50.5 ஹெர்ட்ஸில் விலை சுழி. அங்கிருந்து 0.02 ஹெர்ட்ஸ் இறங்க இறங்க யூனிட்டுக்கு 5.6 பைசா ஏறிக்கொண்டே போய், 49 ஹெர்ட்ஸை ஒட்டி 420 பைசாவைத் தொட்டது. தொடக்க கால விலைகள் இவை. பற்றாக்குறை நேரத்தில் இழுத்தவர் மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் உற்பத்தி செய்து தந்தவர் மிகுதியாகப் பெற்றார். டெல்லியிலிருந்து யாரும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எந்த மூலையிலும் சுவரிலிருந்து படிக்கக்கூடிய ஒரு எண் விலைப்பலகையாகிவிட்டது. அதிர்வெண் கண்ணெதிரே சீரடைந்தது. பொறியியலும் பொருளாதாரமும் இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்த வேலையை நான் அதிகம் கண்டதில்லை.

விலை பார்க்க எடுத்துக்கொண்ட காலம் பதினைந்து நிமிடம். நாளுக்கு 96 கட்டங்கள். நூறு மெகாவாட் கூடுதலாக இழுத்தால் ஒரு கட்டத்துக்கு 25,000 யூனிட். அளவீடு 0.02 ஹெர்ட்ஸ் பிசகினால் 1,400 ரூபாய். நாள் முழுக்கப் பிசகினால் 1,34,400 ரூபாய். அப்படியானால் எவ்வளவு நுட்பமான கவுண்டர் வேண்டும்? விடை வியப்பாக இருக்கும். பதினைந்து நிமிடத்தில் 45,000 சுழற்சிகள். நாம் தொடக்கத்தில் ஒதுக்கித் தள்ளிய அதே நேரடி எண்ணல், ஒன்று கூடிக் குறைந்தாலும், 0.0011 ஹெர்ட்ஸ் வரை சொல்லிவிடும். ஐம்பதில் 0.02 என்பது பத்து லட்சத்தில் 400 பங்கு. சாதாரணக் குவார்ட்ஸ் படிகமே போதும். பிக்கோ நொடியும் அடுப்பும் தேவையே இல்லை.

ஆனால் அந்தச் சராசரிக்குள் என்ன நடந்தது என்று அது சொல்லாது. ஒரு நிமிடம் அதிர்வெண் பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தாலும் பதினைந்து நிமிடக் கணக்கில் அது கரைந்துபோகும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு நொடிக்கு நொடி எண் வேண்டும். அவருக்குத் தலைகீழ் வழிதான். அதிர்வெண் வரம்புக்குக் கீழே இறங்கினால் ஃபீடர்களைத் தானாகத் துண்டிக்கும் ரிலேக்கு ஒரு நொடியும் அதிகம். சில சுழற்சிகளுக்குள் அது முடிவெடுத்தாக வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் வாசலில் நுழையும் இரைச்சல் பெரிதாகத் தெரியும். எனவே ஒரு தவறான தாண்டலை நம்பி ஊரையே இருட்டாக்காதபடி, அடுத்தடுத்த பல சுழற்சிகள் ஒரே விடை சொல்லும்வரை அது பொறுத்திருக்கும். ஒரே மின்சாரம், ஒரே நேரம். மூன்று பேருக்கு மூன்று அதிர்வெண். மூன்றும் சரி. கேட்டின் நீளத்தைச் சொல்லாமல் அதிர்வெண்ணை மட்டும் சொன்னால் பாதி விடைதான்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்களில் ஆர்வமுள்ள இருவர் சேர்ந்து செய்யலாம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் இடையிலான 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு. ஒருவர் சென்னையிலும் ஒருவர் டெல்லியிலும் ஜி.பி.எஸ். துடிப்போடு கூடிய கவுண்டர் வைத்துப் பதினைந்து நிமிடச் சராசரி எடுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பிறகு சராசரியை விட்டுவிட்டு, ஜி.பி.எஸ். துடிப்பு வந்தபின் அடுத்த சுழித் தாண்டல் எத்தனை மைக்ரோ நொடியில் வருகிறது என்று இரண்டு ஊரிலும் குறியுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு மூன்று ஃபேஸில் எது, வழியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்கள் எவ்வளவு திருப்புகின்றன என்பதைப் பொறுத்து ஒரு நிலையான வித்தியாசம் இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் நாள் முழுவதும் மெல்ல நகரும். வடக்கிலிருந்து தெற்கே மின்சாரம் கூடுதலாகப் பாயும்போது சென்னையின் அலை டெல்லியைவிடச் சற்று அதிகமாகப் பின்தங்கும். ஐம்பது ஹெர்ட்ஸில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 56 மைக்ரோ நொடி, ஜி.பி.எஸ். துடிப்பின் தடுமாற்றம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். வாசலில் நல்ல வடிகட்டி மட்டும் வையுங்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியானதாக இருக்கட்டும்.